பார்த்திபன் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

ஒரு மலையுச்சி. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. கீழே தள்ளிக் கொல்வதற்காகத்தான் பாட்டெல்லாம் பாடி அவளை அங்கே கூட்டி வந்திருக்கிறான். விஷயம் அவளுக்கும் தெரிந்துவிடுகிறது. கத்தவில்லை, காலில் விழவில்லை. சாவதற்கு முன்னால் புருஷனை மூன்று முறை சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்கிறாள். இவனும் நிற்கிறான். ஒரு சுற்று ஆச்சு, இரண்டு ஆச்சு. மூன்றாவது சுற்றில் அவன் முதுகுப் பக்கம் வரும்போது ஒரே தள்ளு. ஆசாமி அதலபாதாளத்தில்.

1950-ல் வந்த 'மந்திரி குமாரி'. புருஷன் பார்த்திபனாக எஸ்.ஏ.நடராஜன், பெண்டாட்டி அமுதவல்லியாக மாதுரி தேவி. கதாநாயகன் எம்.ஜி.ஆர். என்றாலும், இந்தக் காட்சியில் அவருக்கு வேலையே இல்லை. 'வாராய் நீ வாராய்' பாட்டு இன்றைக்கும் எங்காவது ஒரு டீக்கடையில் ஒலித்தால், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரே சந்தேகம். இந்தப் பார்த்திபன் சாதாரண ஆளில்லை. ராஜகுருவின் மகன், பகலில் பெரிய மனிதன், ராத்திரியில் கொள்ளைக்காரன். கொள்ளையை ஒரு கலை என்றே வாதாடுகிறவன். அப்பேர்ப்பட்டவன், தான் கொல்லப்போகிற ஒருத்தியை, அதுவும் செங்குத்துப் பாறையின் ஓரத்தில், தன் முதுகுக்குப் பின்னால் போகவிடுவானா? ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டாமா? (மூன்று வருஷம் கழித்து அதே கம்பெனி 'திரும்பிப் பார்' என்றே ஒரு படம் எடுத்தது. பார்த்திபனுக்குப் பிரயோஜனமில்லை.)

அந்தக் கம்பெனிதான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில், மலை ஏறுவதற்கு முன்னாலேயே அதன் பழைய முகப்பு வளைவைப் பார்க்கலாம். வளைவு மட்டும்தான் மிச்சம். உள்ளே இப்போது குடியிருப்புகள். டி.ஆர்.சுந்தரம் என்ற மனிதர், இங்கிலாந்து போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, சென்னைக்குப் போகாமல் சொந்தச் சீமையிலேயே நடத்திய சினிமா தொழிற்சாலை அது. 1937-ல் 'சதி அகல்யா'வில் ஆரம்பித்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), இரட்டை வேடத்துக்குத் தமிழில் பிள்ளையார் சுழி போட்ட பி.யு.சின்னப்பாவின் 'உத்தம புத்திரன்' (1940)... எல்லாம் அந்த வளைவுக்குள்ளே நுழைந்து வெளியே வந்தவைதான். மலை வேண்டுமென்றால் இருக்கவே இருக்கிறது சேர்வராயன் மலை.

ஏற்காட்டில் யாரிடமாவது 'பார்த்திபனைத் தள்ளிவிட்ட இடம் எது?' என்று கேட்டுப் பாருங்கள். லேடீஸ் சீட் என்பார் ஒருவர். பகோடா பாயின்ட் என்று சத்தியம் செய்வார் இன்னொருவர். ஆளுக்கொரு பாறை. மலையில் பாறைக்கா பஞ்சம்?

சினிமாவில் லாஜிக் ஓட்டை தேடுவது இப்போது ஒரு குடிசைத் தொழிலாகிவிட்டது. படம் வெளியான அன்று மத்தியானமே செல்போனில் பட்டியல் வந்துவிடுகிறது. நானும் ஆவலாகப் படிக்கிறவன்தான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் விமர்சகர் யாருமில்லை. ஏற்காட்டு ஜீப் டிரைவர் ஒருவர்.

சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் பலகை உண்டு. ஏழாவதோ எட்டாவதோ தாண்டும்போது அவர் கேட்டார்.

'சார், பத்திரிகைல எழுதுறீங்க. எனக்கொரு டவுட்டுங்க. படத்துல பிரேக் புடிக்காத காரெல்லாம் மேட்டுல ஏறிப் போவுதே, அது எப்புடிங்க?'

'ஏன், போகாதா?'

'மேடு ஏறுறப்ப ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுத்தாப் போதுங்க. வண்டி தானா நின்னுரும். நிக்கலைன்னா பின்னால வரும். முன்னால எப்புடிங்க போவும்?'

இத்தனை வருஷமாக எத்தனை பிரேக் பிடிக்காத கார்களை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் விடவில்லை. துரத்தல் காட்சியில் ஒரு ஷாட்டில் பன்னிரண்டாவது வளைவுப் பலகை தெரிகிறதாம், அடுத்த ஷாட்டில் ஏழு. 'மேல போறானா, கீழ போறானான்னே தெரியலீங்க.' எல்லாவற்றையும் விட அவருக்கு ஆத்திரம், மலைப்பாதையில் மேலே ஏறுகிற வண்டிக்குக் கீழே இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும் என்ற சட்டத்தை ஹீரோவே மதிப்பதில்லை என்பது. வில்லன் மதிக்காவிட்டால் பரவாயில்லையாம்!

அதற்குப் பிறகு பார்க்கிறவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். என் சித்தி மகள் நர்ஸ். அவள் சொன்னாள்: 'மானிட்டர்ல கோடு நேரா ஆயிட்டா ஷாக் கொடுக்க மாட்டாங்கண்ணா. கோடு தாறுமாறா துடிச்சாத்தான் கொடுப்பாங்க. படத்துல எல்லாரும் நேர்க்கோட்டுக்குக் கொடுத்துப் பொழைக்க வெக்கிறாங்க.' தாலுகா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் நண்பருக்கு, தீர்ப்பு வாசிக்கிற நேரத்தில் ஒருவர் 'நிறுத்துங்கள்' என்று ஓடிவருவது பிடிக்காது. 'அடுத்த வாய்தாவுக்கு வாப்பா'ன்னுதான் சொல்வாங்க என்கிறார்.

நான் பி.காம். என் பங்குக்கு எனக்கும் ஒன்று உண்டு. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து. கோடீஸ்வர அப்பாவை நாற்காலியில் கட்டிப்போட்டு, கழுத்தில் கத்தியை வைத்து, ஒரே ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிவிட்டால் கம்பெனி, பங்களா, எஸ்டேட் எல்லாம் வில்லன் பெயருக்கு மாறிவிடும். ஐயா, எஸ்டேட் கைமாற வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். போட்டோ, கைரேகை, இரண்டு சாட்சி. கம்பெனியென்றால் பங்குப் பரிமாற்றப் படிவம், போர்டு மீட்டிங், தீர்மானம். வில்லனுக்கு அடியாள் தேவையில்லை; நல்ல ஆடிட்டர்தான் தேவை. தியேட்டரில் எல்லோரும் பதைபதைத்துக் கொண்டிருக்கும்போது நான் மட்டும் 'மினிட்ஸ் புக் எங்கேப்பா?' என்று யோசித்துக் கொண்டிருப்பேன்.

ஆக, எல்லோரும் ஏதோ ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அவரவர் தொழிலில் விழுந்த ஓட்டை அவரவர் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவற்றை நம்பிவிடுகிறோம். டிரைவர் பத்திரக் கையெழுத்தை நம்புகிறார். நான் பிரேக்கை நம்புகிறேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

கணக்குப் பாடத்தில் ஒரு அருமையான சமாசாரம் உண்டு. ட்ரையல் பேலன்ஸ் போடுகிறோம். பற்றும் வரவும் சமமாக வர வேண்டும். வரவில்லை. நூற்றுப் பதினேழு ரூபாய் இடிக்கிறது. எங்கே தப்பு என்று தெரியவில்லை, ராத்திரி பன்னிரண்டு மணி. என்ன செய்வோம்? அந்த நூற்றுப் பதினேழை ஒரு தனிக் கணக்கில் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போய்விடுவோம். அந்தக் கணக்கின் பெயர், நான் சொல்லவில்லை, பாடப்புத்தகமே சொல்கிறது, சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

இதைவிடப் பொருத்தமாகச் சினிமாவுக்கு யாரும் பெயர் வைத்திருக்க முடியாது. கதையில் ஒரு இடம் இடிக்கிறது. ரசிகன் அதை மனதில் ஒரு ஓரமாகப் போட்டுவிட்டுக் கூடவே வருகிறான். பெருந்தன்மை அவனுடையது. ஆனால் வருஷக் கடைசியில் சஸ்பென்ஸ் கணக்கை நேர் செய்தாக வேண்டும். நேர் செய்கிற படம் உண்டு, ஏமாற்றுகிற படம் உண்டு. ஓட்டை இருக்கிறதா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. அதை அடைக்கிறவர் யார்? கதையிலிருக்கும் மனிதரா, டைரக்டரா?

அலிபாபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே மோசமான பாதுகாப்பு ஏற்பாடு அந்தக் குகைதான். ரகசிய வார்த்தையை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தித்தான் சொல்ல வேண்டும். யார் சொன்னாலும் திறக்கும். மரத்தின் மேலே ஒருவன் உட்கார்ந்திருந்தால் போச்சு. அதோடு, புதையலில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் திருடர் தலைவன் ரகசிய வார்த்தையை மாற்றுவதில்லை. ஏ.டி.எம். கார்டு தொலைந்தால் நாம் முதலில் என்ன செய்வோம்?

இதெல்லாம் மாயாஜாலம், விட்டுவிடலாம். அலிபாபாவின் அண்ணன் காசிம் விஷயம்தான் முக்கியம். உள்ளே போகும்போது சரியாகச் சொன்னவன், வெளியே வரும்போது மறந்துவிடுகிறான். அரபுக் கதையில் பார்லி அது இது என்று வேறு தானியங்களின் பெயராகச் சொல்லிப் பார்க்கிறான். சீசேம் என்றால் வேறொன்றுமில்லை, நம் வீட்டு எள்ளுதான். உயிர் போகிற நேரத்தில் எள்ளு ஞாபகம் வராதா? வராது. ஏனென்றால் நடுவில் அவன் தங்கத்தைப் பார்த்துவிட்டான். ஓட்டையைக் காசிமின் பேராசை அடைத்துவிடுகிறது. அந்த மறதி மட்டும் இல்லையென்றால் காசிம் யார் என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

'மூன்றாம் பிறை' (1982) பார்த்துவிட்டு அழாதவர்கள் குறைவு. எங்கள் கல்லூரி நண்பன் ஒருவன் மட்டும் அழவில்லை. 'ஸ்டேஷன்ல விழுந்து புரண்டு எதுக்கு ஆட்டம் போடணும்? மறுநாள் அவ அப்பாவுக்கு ஒரு லெட்டர் போட்டா முடிஞ்சது' என்றான். அவன் இன்று பாங்க் மேனேஜர். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ரொம்ப காலம் எனக்கும் பதில் தெரியவில்லை. பிறகு ஒருநாள் தோன்றியது. கமல் லெட்டர் போடலாம். அப்பா படிப்பார், நன்றியும் சொல்வார். ஆனால் ஸ்ரீதேவி அதைப் படித்தால்? யாரோ ஒருவர் தன்னைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டாராம் என்று தெரிந்துகொள்வாள். அவ்வளவுதான். அவன் தொலைத்தது அவளுடைய விலாசத்தை இல்லையே, தபாலில் கண்டுபிடிக்க. ரயில் கிளம்புவதற்குள் அவளுக்கு ஞாபகம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பாலு மகேந்திரா ரயிலோடு படத்தை முடித்துவிட்டார்.

'கஜினி' (2005) பற்றிய பிரசித்தமான கேள்வி உங்களுக்குத் தெரியும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாம் மறந்துபோகிறவனுக்கு, தனக்கு மறதி இருக்கிறது என்பது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது? உடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கிறானே என்பார்கள். பச்சையைப் படித்து முடிப்பதற்கே பதினைந்து நிமிஷம் ஆகும் போலிருக்கிறதே! இருந்தாலும் அசினின் கலகலப்பு நம்மை அந்தப் பக்கம் யோசிக்கவிடவில்லை. இது அடைபட்ட ஓட்டை இல்லை. அழகான திரைச்சீலையால் மறைத்த ஓட்டை.

இந்தியில் 'அமர் அக்பர் அந்தோணி' (1977). மூன்று பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். மூன்று கைகளிலிருந்தும் ரத்தம் குழாய் வழியாக மேலே ஏறி, ஒன்றாகக் கலந்து, அம்மாவின் உடம்பில் இறங்குகிறது. பூமியின் ஈர்ப்பு விசை அன்றைக்கு லீவு. என் சித்தி மகளிடம் இதைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்க முடியாது. ஆனால் ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவன் சேர்ந்து ஒரே தாய்க்கு ரத்தம் கொடுப்பதைக் காட்டுவதற்கு மன்மோகன் தேசாய்க்கு வேறு வழி கிடைத்திருக்குமா? மருத்துவமாகப் பார்த்தால் சுத்த அபத்தம்தான். அரங்கத்தில் இருந்தவர்கள் அதை மருத்துவமாகப் பார்க்கவில்லை.

'த்ருஷ்யம்' இன்னும் சுவாரஸ்யம். தமிழில் 'பாபநாசம்' (2015). அதன் ஹீரோவே ஒரு ஓட்டை தேடுகிற ஆள்தான். கேபிள் டி.வி. நடத்திக்கொண்டு, ராப்பகலாகச் சினிமா பார்த்து, போலீஸ் எங்கே இடறும், சாட்சி எங்கே உளறுவான் என்று கற்றுவைத்திருக்கிறவன். பஸ் டிக்கெட், லாட்ஜ், சினிமா தியேட்டர் என்று ஒவ்வொரு ஓட்டையையும் போலீஸ் வருவதற்கு முன்னாலேயே அடைத்துக்கொண்டு போகிறான். ஜித்து ஜோசப்பின் கெட்டிக்காரத்தனம் அதுதான். நாம் கேட்கப்போகிற கேள்வியை ஹீரோ முதலிலேயே கேட்டுவிடுகிறான்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டான். (இரண்டாம் பாகம் பார்க்காதவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடலாம்.) நடுராத்திரியில் ஒரு ஆள் மண்வெட்டியோடு போய்ப் புதைத்துவிட்டு வருகிறான், வழியில் ஒரு ஜீவன்கூடப் பார்க்கவில்லை. கேரளத்தில், அடுத்தடுத்து வீடு இருக்கிற ஊரில்! 2013-ல் இதைக் கேட்டவர்களுக்கெல்லாம் 2021-ல் வந்த 'த்ருஷ்யம் 2' பதில் சொன்னது. பார்த்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். வேறொரு குற்றம் செய்துவிட்டு ஒளிந்து ஓடிக்கொண்டிருந்தவன். ஏழு வருஷத்துக்கு மேல் சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்த தொகையை எடுத்து அதையே முதலாகப் போட்டு இன்னொரு படம் எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டாவது படத்தின் முடிவில் எலும்பு மாறுகிற விஷயம் இருக்கிறதே, அது நூற்றுப் பதினேழு ரூபாய் இல்லை, லட்சத்துப் பதினேழாயிரம். அதை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

சரி, மந்திரி குமாரிக்கு வருவோம். பார்த்திபனின் முதுகு மட்டுமில்லை, அந்தப் படத்தில் இன்னும் ஓட்டைகள் உண்டு. இளவரசிக்குப் போக வேண்டிய காதல் ஓலை தவறுதலாக மந்திரி மகளிடம் போய்ச் சேருகிறது. அதிலிருந்துதான் கதையே கிளம்புகிறது. விலாசம் எழுதாத ஓலை. இதை நான் கண்டுகொள்வதில்லை. ஷேக்ஸ்பியர் வரைக்கும் தபால் தகராறு இல்லாமல் கதை நடந்ததில்லை.

அடுத்ததுதான் விஷயம். பார்த்திபனைக் கொள்ளைக்காரன் என்று எம்.ஜி.ஆர். பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறார். உண்மை எது என்று அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று முடிவாகிறது. அம்மனும் வாயைத் திறந்து பார்த்திபன் நிரபராதி என்கிறாள். பேசியது சிலை இல்லை, சிலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அமுதவல்லி. ராஜா நம்புகிறார். பிடித்துக் கொடுத்தவருக்கு நாடு கடத்தல், கொள்ளைக்காரனுக்கு விடுதலை.

ஒரு ராஜாங்கத்தில், மந்திரி, தளபதி, காவலர் அத்தனை பேர் நிற்கும் இடத்தில், சிலைக்குப் பின்னால் எட்டிப்பார்க்க ஒருவனுக்குக்கூடத் தோன்றாதா? இன்றைய பட்டியல்காரர்கள் இதைத்தான் முதல் ஓட்டையாகப் போடுவார்கள். ஆனால் வசனம் எழுதியது யார் என்று பாருங்கள். மு.கருணாநிதி, அப்போது இருபத்தாறு வயசு. எட்டிப்பார்க்கத் தோன்றவில்லை என்பதுதானே அவர் சொல்ல வந்ததே! ஓட்டை திரைக்கதையில் இல்லை, ராஜாவின் மண்டையில். அரசவை மொத்தமும் கையைக் கூப்பி நிற்கிறது. பின்னால் ஆள் இருப்பது தெரிந்தவர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவர்கள் மட்டும். அவர்களைப் பார்த்து அவர் கண் சிமிட்டுகிறார். அவர் கட்சிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, காட்சி நல்ல காட்சி.

அதே கண்ணோடு மலையுச்சிக்குப் போனால் பார்த்திபன் கணக்கும் நேராகிவிடுகிறது. அவன் முட்டாளில்லை, உஷார் பேர்வழிதான். எதிரி பின்னால் வந்தால் கட்டாயம் திரும்பிப் பார்த்திருப்பான். ஆனால் பெண்டாட்டி எதிரியாக முடியும் என்பது அவன் அகராதியில் கிடையாது. புருஷனைச் சுற்றி வந்து கும்பிடுவதுதான் அவள் வேலை. கொல்லப்போகும்போதுகூட அவள் கும்பிடுவாள் என்று நம்புகிறான். இதில் அவனுக்கு ஆச்சரியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நமக்குத்தான் 'என்னடா இது' என்று இருக்கிறது. கர்வம் பிடித்த புருஷனுக்கு அதைவிட இயல்பான கோரிக்கை இருக்க முடியாது.

இது மாடர்ன் தியேட்டர்ஸ் கண்டுபிடித்ததும் இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை. காப்பியம் கைக்கு முழுசாக வந்து சேரவில்லை, சில பாடல்கள்தான் மிச்சம். கதை மட்டும் நீலகேசி உரை வழியாகப் பிழைத்துவிட்டது. அதிலும் திருட்டுப் புருஷன், மலை, மூன்று சுற்று, தள்ளு. பாலி மொழி பௌத்த உரைகளிலும் இதே கதை வருகிறது. அதில் அந்த மலையில் வாழ்கிற தெய்வம் இதைப் பார்த்துவிட்டு, புத்தி ஆண்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று அவளை மெச்சுகிறது. அத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி வந்திருக்கிறார்கள். 'அவன் ஏன் முதுகைக் காட்டினான்?' என்று கேட்டுக் கதையை நிறுத்தியவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு புருஷன் இருந்திருப்பான் போலிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டைகள். ட்ரையல் பேலன்ஸில் இடிக்கிற தொகை. பி.காம். முதல் வருஷத்திலேயே வாத்தியார் இன்னொன்றும் சொல்லித் தருவார். ட்ரையல் பேலன்ஸ் சமமாக வந்துவிட்டது என்பதால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு வரவு செலவை அடியோடு எழுதாமலே விட்டுவிட்டால், இரண்டு பக்கமும் அழகாகச் சமமாகவே வரும். அந்தத் தப்பு யார் கண்ணையும் உறுத்தாது.

சினிமாவில் அப்படி ஒன்று இருக்கிறது. பாம்புக்கடி.

கதாநாயகி காட்டில் நடந்து வருகிறாள். காலில் பாம்பு கொத்துகிறது. ஹீரோ ஓடிவருகிறான். துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டுகிறான், கத்தியால் கீறுகிறான், வாயை வைத்து உறிஞ்சித் துப்புகிறான். அவள் கண் விழிக்கிறாள். அடுத்து டூயட். தமிழில் மட்டுமில்லை, எல்லா மொழியிலும், எத்தனை படத்தில் பார்த்திருப்போம்? இதுவரை யாராவது 'லாஜிக் இல்லையே' என்று கேட்டிருக்கிறோமா? பிரேக்கைக் கேட்ட டிரைவர் இதைக் கேட்கவில்லை. மினிட்ஸ் புக் கேட்ட நானும் கேட்கவில்லை. கோர்ட்டுக்கு ஊரில் பாதிப்பேர் போய்வந்திருக்கிறோம், அதனால் சினிமா கோர்ட் சிரிப்பாக இருக்கிறது. பாம்பு கடித்த ஆளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சினிமாவில் பார்த்ததுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம்.

அந்த வைத்தியத்தில் ஒன்றுகூடச் சரியில்லை. விஷம் மேலே தடவியதில்லை, ஊசி போட்ட மாதிரி உள்ளே இறங்கியது. உறிஞ்சினால் வராது. கீறினால் ரத்தம் நிற்காமல் போகும். விரியன் கடித்திருந்தால் ரத்தம் உறையும் சக்தியே கெட்டுப்போயிருக்கும், இன்னும் ஆபத்து. இறுக்கிக் கட்டினால் அந்தக் காலே அழுகிப் போகலாம். செய்ய வேண்டியது சினிமாவுக்கு லாயக்கில்லாத காரியம். பயப்படாதே என்று சொல்லி, எலும்பு முறிந்தால் கட்டுவது மாதிரி காலை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதைத் தயாரிக்க வேண்டிய விஷத்தைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் ஆரம்பித்த இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் எடுத்துக் கொடுத்து வருகிறார்கள். பாம்பு விஷயத்தில் அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் கிடையாது. ஒரு டைரக்டர் பஸ்ஸில் போய் அவர்களைக் கேட்டுவிட்டு வரலாம். போனதாகப் படத்தில் தெரியவில்லை.

2000-த்திலிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் பன்னிரண்டு லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 58 ஆயிரம். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். வயலில், தோட்டத்தில், தரையில் படுத்துத் தூங்கும்போது. அத்தனைக்கும் சினிமாதான் காரணம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. ஆஸ்பத்திரி தூரம், மருந்து இல்லை, மந்திரிக்கப் போனார்கள் என்று ஆயிரம் காரணம். ஆனால் கட்டி, கீறி, உறிஞ்சிக் கொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தை எங்கே கற்றுக்கொண்டார்கள்?

சேர்வராயன் மலையைச் சுற்றி நிறைய காப்பித் தோட்டங்கள். அதன் உள்ளே மலைக் கிராமங்கள். அங்கே ஒருவரைப் பாம்பு கடித்தால், தோட்டத்துச் சரிவிலிருந்து தார்ச்சாலைக்குத் தூக்கி வர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இருபது வளைவும் இறங்கிச் சேலம் வர வேண்டும். கீழே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் அந்த வண்டி போகும். இறங்குகிற வண்டியானாலும், எதிரே ஏறி வருகிறவர்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும்.